ஸ்மார்ட் ஸ்பீக்கரும் இல்லத்து இசையும்

ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்பது ஒலிபெருக்கி, மைக்ரோபோன், சிறு கணினி, வைஃபை இணைப்பு ஆகியவற்றை ஒரே கூட்டினுள் அடக்கி, மனிதர் வாய்மொழியாக இடும் கட்டளையைச் செவிமடுத்து, இணையத்தின் வழியே இசையையும் செய்தியையும் வரவழைத்துத் தரும் வீட்டு உபயோகச் சாதனம். திறன் ஒலிபெருக்கி என்று இதனை எழுதுவோரும் உளர். ஆனால் கடைத்தெருவிலும் கூடத்திலும் வழங்கிவரும் பெயர் ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்பதே. சங்கீதம் கேட்பதற்கென்றே இதனை வாங்குவோர் பலர். அவர்களுள் சிலருக்கு, வாங்கி வந்து மின்சாரத்தில் பொருத்திய முதல் நாளிலேயே, தாம் மாதந்தோறும் சந்தா செலுத்திவரும் இசைச் சேவையை அந்தப் பெட்டி அறியவே இல்லை என்பதோ, கூடத்தில் ஒலிக்கும் பாட்டு படுக்கையறையில் ஒலிக்க மறுக்கிறது என்பதோ தெரியவருகிறது.

ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டியை எவர் செய்தாலும் அது அலைவரிசைக்குள் வந்த எல்லா நிலையங்களையும் பிடித்தது. ஒலிநாடா எந்தக் கம்பெனியில் பதிவானதாயினும் எந்த டேப் ரிக்கார்டரிலும் சுழன்றது. அந்தப் பொதுமை இன்றைய சாதனத்தில் இல்லாமற்போனமைக்கு விஞ்ஞானத்தின் குறைபாடு காரணமன்று. இணக்கம் என்பது இங்கே பெட்டியின் குணமாக இராமல், பெட்டியைச் செய்தவர், இசையை விற்பவர், வீட்டுக்குள் இணையத்தைப் பங்கிடும் ரௌட்டர் என்னும் மூன்று தரப்புகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின் பலனாக இருக்கிறது. அந்த உடன்பாடு மாறும்போது, பெட்டியில் ஒரு திருகாணிகூட மாறாதிருக்கையிலேயே, அதன் பயன் கூடுகிறது அல்லது குறைகிறது.

தோற்றம்

கம்பியின்றி அறைக்கு அறை பாட்டை அனுப்பும் முயற்சி, பேச்சைக் கேட்கும் பெட்டிக்கு முற்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2004இல் ஏர்ட்யூன்ஸ் என்ற பெயரில் கணினியிலுள்ள பாட்டை வேறோர் அறையின் ஒலிபெருக்கிக்கு அனுப்பும் முறையை வெளியிட்டது. 2010இல் அது ஏர்பிளே எனப் பெயர் மாறியது. கலிபோர்னியாவின் சான்டா பார்பரா நகரில் 2002இல் தோன்றிய சோனோஸ், 2005 முதல் ஒரே பாட்டைப் பல அறைகளில் ஒருசேர ஒலிக்கச் செய்யும் சாதனங்களை விற்றது. இவை யாவும் வாய் பெற்றிருந்தனவே அன்றிச் செவி பெற்றிருக்கவில்லை. 2014 நவம்பர் 6 அன்று அமேசான் அறிவித்த எக்கோவே, உச்சியில் ஏழு மைக்ரோபோன்களைத் தாங்கி, அறையின் மறுகோடியிலிருந்து அழைப்பவரின் குரலையும், தானே எழுப்பும் இசையின் ஆரவாரத்துக்கு நடுவில், பிரித்தறியும் ஆற்றலோடு வந்தது. கூகுள் ஹோம் 2016 நவம்பரிலும், ஆப்பிளின் ஹோம்பாட் 2018 பிப்ரவரியிலும் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் எக்கோ 2017 அக்டோபரிலும், கூகுள் ஹோம் 2018 ஏப்ரலிலும் அறிமுகமாயின. சுவீடனில் 2008 முதல் நடந்துவந்த ஸ்பாட்டிஃபை இசைச் சேவை இந்தியாவை அடைந்ததோ 2019 பிப்ரவரியில்தான். ஆகையால் இந்நாட்டில் பெட்டி முன்னும் ஸ்பாட்டிஃபை பின்னுமாக வந்து சேர்ந்தன.

பாட்டு வரும் பாதை

பாட்டு ஒலிபெருக்கியை அடைவதற்கு மூன்று பாதைகள் உள்ளன. இம்மூன்றின் வித்தியாசத்தை அறிந்தவருக்கு இத்துறையின் குழப்பத்தில் பெரும்பகுதி தானே நீங்கிவிடும். அறியாதவருக்கோ எத்தனை விளம்பரம் படித்தாலும் நீங்காது.

முதற்பாதை ப்ளூடூத். இதில் கைப்பேசி பாட்டை இணையத்திலிருந்து பெற்று, தானே அதன் சுருக்கத்தை அவிழ்த்து, மீண்டும் வேறொரு முறையில் சுருக்கி, குறுந்தூர வானலையாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. எந்தச் சேவையின் பாட்டானாலும், யூடியூபில் ஓடும் கச்சேரியானாலும், தாத்தாவின் குரலைப் பதிந்து கைப்பேசியில் வைத்திருக்கும் பழைய பதிவானாலும், இதற்கு பேதம் கிடையாது. இரண்டு முறை சுருக்குவதால் நாதத்தின் நுட்பம் சிறிது குன்றுகிறது. ஏறத்தாழ பத்து மீட்டருக்கு அப்பால், அதிலும் இடையே சுவர் நின்றால், ஒலி அறுபடுகிறது. கைப்பேசிக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடுகிறது.

இரண்டாவது ஏர்பிளே. இதிலும் பாட்டைச் சுமப்பது கைப்பேசிதான். ஆனால் சுமந்து செல்லும் வழி வீட்டின் வைஃபையாதலால் தூரம் ஒரு தடையாவதில்லை. 2018 மே மாதத்தில் வெளியான ஏர்பிளே 2, ஒரே பாட்டைப் பல ஸ்பீக்கர்களுக்கு ஒருங்கே அனுப்பவும் வழி செய்தது. ஆயினும் இப்பாதையில் பாட்டை அனுப்ப ஐபோன் முதலான ஆப்பிள் சாதனம் ஒன்று கையில் இருத்தல் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் கடைவீதிக்குப் புறப்பட்டுவிட்டால், வீட்டிலிருப்போருக்குப் பாட்டு இல்லை.

மூன்றாவது பாதை முற்றிலும் வேறானது. 2013இல் கூகுள் குரோம்காஸ்ட் என்னும் சிறு கருவியோடு கொண்டுவந்த காஸ்ட் முறையும், அதே ஆண்டில் ஸ்பாட்டிஃபை வெளியிட்ட கனெக்ட் முறையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே கைப்பேசி பாட்டைச் சுமப்பதில்லை. மளிகைக் கடைக்குச் சாமான் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவது போல, இன்ன பாட்டு, இன்ன கணக்கு என்ற குறிப்பை மட்டும் ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. ஸ்பீக்கர் தானே இணையத்துக்குச் சென்று, சேவையின் கணினியிலிருந்து பாட்டை நேராகப் பெற்றுவருகிறது. கைப்பேசி அணைந்தாலும், வெளியூர் சென்றாலும் பாட்டு நிற்பதில்லை. வாயால் கேட்டுப் பாட்டு வரவழைப்பதும் இந்த மூன்றாம் பாதையின் ஒரு கிளையே. சீட்டு எழுதும் வேலையைக் கைப்பேசிக்குப் பதிலாகக் குரலை அறியும் உதவிச் செயலி செய்கிறது என்பதே விசேஷம்.

ஸ்பீக்கரின் இணக்கம் பற்றிய சிக்கல்கள் அனைத்துக்கும் மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது. முதலிரண்டு பாதைகளில் பாட்டு எங்கே ஒலிக்கப்போகிறது என்பதைப் பற்றி இசைச் சேவை கவலைப்பட வேண்டியதில்லை. கைப்பேசிக்குக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. மூன்றாம் பாதையில் ஸ்பீக்கரே வாடிக்கையாளரின் பிரதிநிதியாகச் சேவையின் வாயிலில் போய் நிற்கிறது. அதனை உள்ளே விடுவதற்குச் சேவை சம்மதிக்க வேண்டும், அங்கே போக ஸ்பீக்கரைச் செய்த கம்பெனியும் சம்மதிக்க வேண்டும். ஆகவே சௌகரியம் எந்த அளவு பெரிதாகிறதோ அந்த அளவுக்குப் பிறருடைய அனுமதியும் தேவையாகிறது.

அனுமதியும் மறுப்பும்

அனுமதி தர வேண்டிய கம்பெனிகளே தமக்குள் போட்டியிடுபவையாகவும் இருக்கின்றன. அமேசானுக்கும் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் ஸ்பீக்கரும் உண்டு, சொந்த இசைச் சேவையும் உண்டு. ஸ்பாட்டிஃபைக்குச் சேவை மட்டுமே தொழில். ஹோம்பாட் வெளியான காலத்தில் அதனிடம் வாயால் கேட்டுப் பெறத்தக்கது ஆப்பிள் மியூசிக்காகவே இருந்தது. 2020இல் ஆப்பிள் பிற சேவைகளுக்கும் வாயிலைத் திறந்துவிட்டது, ஆனால் ஸ்பாட்டிஃபை ஆண்டுகள் பல கடந்தும் அவ்வாயிலில் நுழையவில்லை. ஆகவே ஸ்பாட்டிஃபை சந்தாதாரர் ஹோம்பாட்டில் தம் பாட்டைக் கேட்க விரும்பினால் ஐபோனை எடுத்து ஏர்பிளே வழியாகவே அனுப்ப வேண்டியவராகிறார். எதிர்மாறாக, ஆப்பிள் மியூசிக் 2018 டிசம்பரில் அமெரிக்காவில் அமேசானின் எக்கோவிலும், 2020 டிசம்பரில் கூகுளின் ஸ்பீக்கர்களிலும் இடம்பெற்றது. கூகுளுக்குச் சொந்தமான யூடியூப் மியூசிக்கை, எக்கோவின் உதவிச் செயலியாகிய அலெக்ஸாவிடம் வாயால் கேட்டுப் பெறும் வழி நெடுங்காலம் ஏற்படவே இல்லை, ப்ளூடூத்தே கதி.

இவற்றைத் தொழில்நுட்பக் காரணங்களாகக் கருதுதல் தவறு. அமேசான் தன் கடையில் குரோம்காஸ்டையும் ஆப்பிள் டிவியையும் விற்பதை 2015இல் நிறுத்தியதும், கூகுள் 2017 செப்டம்பரில் அமேசானின் திரையுள்ள எக்கோ ஷோவிலிருந்து யூடியூபை விலக்கியதும், பெரிய ஸ்தாபனங்கள் ஒன்றோடொன்று பொருதுகையில் வாங்கியவரின் கூடம் போர்க்களமாக்கப்படுவதற்குப் பகிரங்கமான சாட்சியங்கள். விலை கொடுத்து வாங்கியவர் இதில் ஒரு தரப்பாகக் கலந்து ஆலோசிக்கப்படுவதே இல்லை என்பது என் மனத்தில் ஆழ்ந்த குறையாக நிற்கிறது.

உடன்பாடு ஏற்பட்ட இடத்திலும் உரிமையின் அளவு வேறுபடும். அமேசான் 2022 நவம்பரில் அமெரிக்காவில் தன் பிரைம் சந்தாதாரருக்குப் பத்துக் கோடிப் பாடல்களைத் திறந்துவிட்டபோது, அவற்றில் பெரும்பாலானவற்றை வரிசை கலைத்தே கேட்கமுடியும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. கேட்ட பாட்டுக்கு பதிலாக அதனை ஒத்த வேறொன்று வரும்போது பெட்டி காது கேளாதது என்று வீட்டார் நினைப்பது இயல்பு, ஆனால் பெட்டி சந்தாவின் நிபந்தனையைத்தான் நிறைவேற்றுகிறது. இவ்வாறே, ஸ்பாட்டிஃபையில் ஒரு கணக்கில் ஒரு சமயத்தில் ஓரிடத்தில் மட்டுமே பாட்டு ஓடும். மகள் தன் அறையில் வேறு பாட்டு வைத்தவுடன் கூடத்தில் தந்தையார் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோவது இதனால்தான். ஆறு பேர் வரை தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள இடந்தரும் குடும்பச் சந்தாவே அதற்குப் பரிகாரம்.

வீட்டின் வலைப்பின்னல்

மூன்றாம் தரப்பாகிய ரௌட்டரை வாங்குவோர் கவனிப்பதே இல்லை. கைப்பேசியின் திரையில் ஸ்பீக்கரின் பெயர் தோன்ற வேண்டுமானால், கைப்பேசி வீட்டு வலைப்பின்னல் முழுவதும் கேட்கும்படி, ‘இங்கே ஒலிபெருக்கி எது?’ என்று ஓர் அறிவிப்பை எழுப்ப, ஸ்பீக்கர் அதற்கு விடை கூறவேண்டும். விருந்தினருக்கென்று ரௌட்டரில் தனியே ஒதுக்கிய வைஃபையில் இவ்வறிவிப்பு, பாதுகாப்பை முன்னிட்டு, பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. கைப்பேசி ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றொன்றிலும் இணைந்திருந்தால், இரண்டும் ஒரே மேஜைமீது இருந்தாலும் ஒன்றையொன்று அறியா. விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் உலாவியில் பெயரும் எண்ணும் எழுதி உள்நுழையச் சொல்லும் வைஃபை, திரையில்லாத ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் எளிதில் பயன்படுவதில்லை.

இணையத்தின் வேகம் போதவில்லை என்று பலர் கூறும் காரணம் அரிதாகவே உண்மை. விநாடிக்கு 320 கிலோபிட் என்ற உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டாலும் செலவாவது 144 மெகாபைட். ஒரு திரைப்படம் பார்ப்பதற்கு இதனிலும் பன்மடங்கு தேவை. உண்மையான தடை சுவர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது, ஆனால் செங்கற்சுவரையும் கான்கிரீட்டையும் ஊடுருவுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட வலுக்குன்றியது. நம் நாட்டு வீடுகளின் தடித்த சுவர்களுக்கு நடுவே, மூலை அறையில் வைத்த ஸ்பீக்கருக்குப் பின்னதே உற்ற துணை.

பல அறைகளில் ஒரே நாதம்

வீடெங்கும் ஒரே பாட்டு ஒலிக்கவேண்டும் என்னும் ஆசை எளியதாகத் தோன்றினும், இத்துறையில் மிக நுண்ணிய கணக்கை வேண்டுவது அதுவே. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. இரண்டு இடங்களிலிருந்து வரும் ஒரே ஒலி சில மில்லி விநாடி இடைவெளிக்குள் வந்தால் செவி அவற்றை ஒன்றாகவே உணர்கிறது. இடைவெளி முப்பது நாற்பது மில்லி விநாடியைத் தாண்டினால் எதிரொலியாகப் பிரித்துணர்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் அதிர்ந்து காலத்தை அளக்கும் குவார்ட்ஸ் படிகங்கள் ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு மாறுபட்டாலும், இருபது நிமிஷத்தில் அவற்றின் பாட்டு 60 மில்லி விநாடி விலகிப்போகும். சேர்ந்து தொடங்கிய பாட்டு ஓர் ஆலாபனை முடிவதற்குள் இரண்டாகப் பிளந்துவிடும் என்பது இதன் பொருள். இதனைத் தடுப்பதற்காக ஸ்பீக்கர்கள் பாட்டைச் சிறிது முன்னதாகவே வாங்கி நினைவில் தேக்கிக்கொண்டு, தம்முள் ஒன்றைத் தலைமைக் கடிகாரமாக ஏற்று, அதன் காலத்தோடு தம் காலத்தை இடைவிடாமல் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன. பக்கவாத்தியக்காரர் பாடகரின் கையைப் பார்த்துத் தாளத்தைக் காத்துக்கொள்வது போன்ற காரியம் இது.

ஒவ்வொரு கம்பெனியும் இக்கணக்கைத் தன் தனி முறையில் போடுகிறது. எனவே எக்கோ ஒன்றையும் கூகுளின் நெஸ்ட் ஸ்பீக்கர் ஒன்றையும் குரலால் ஒரே குழுவாகச் சேர்க்க முடியாது. இம்முறைகள் காப்புரிமை பெற்ற சொத்தாகவும் இருக்கின்றன. சோனோஸ் 2020 ஜனவரியில் கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக ஆணையம் ஐந்து காப்புரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தபின், குழுவாகச் சேர்ந்த ஸ்பீக்கர்களின் ஒலியளவை ஒருங்கே கூட்டிக் குறைக்கும் வசதியைக் கூகுள் தன் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பொருளிலிருந்து ஒரு பயன் கழன்றுபோனதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது. வீட்டு விளக்குக்கும் பூட்டுக்கும் பொதுமொழி வகுத்து 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்னும் தரநிலையும், அறைக்கு அறை இசையைப் பகிரும் பணியைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை.

தமிழ்ப் பாட்டைக் கேட்டல்

தமிழருக்கு இவற்றுக்கு மேலும் ஒரு தடை உண்டு. அது மொழியின் தடை. இந்தியாவில் அலெக்ஸா ஆங்கிலத்தோடு தொடங்கி 2019இல் ஹிந்தியும் கற்றது. தமிழ்ப் பாட்டைக் கேட்பவர் ஆங்கில வாக்கியத்தின் நடுவே தமிழ்ப் பெயரைப் பொருத்திச் சொல்லவேண்டியவராகிறார். சொன்ன பெயரை யந்திரம் ரோமன் எழுத்தாக்கி, இசைச் சேவையின் பாடற்பட்டியலில் தேடுகிறது. அங்கே தியாகராஜர் என்னும் ஒரு பெயரே வல்லொலி காட்டும் எழுத்துச் சேர்ந்தும் சேராமலும் பலவாறாக எழுதப்பட்டுள்ளது. ழகரத்துக்கோ ஒரே எழுத்து மரபு இல்லை.

எழுத்தைவிட ஆழமான குறை பட்டியலின் அமைப்பில் உள்ளது. மேல்நாட்டு வெகுஜன இசையை மனத்திற்கொண்டு, பாட்டு, ஆல்பம், கலைஞர் என்னும் மூன்று கட்டங்களில் எல்லாவற்றையும் அடக்குவதாக அப்பட்டியல் அமைந்தது. நம் ரசிகர் திரைப்பாட்டை இசையமைப்பாளர் பெயரால் கேட்கிறார். பட்டியலோ பல சமயம் பாடகரைக் கலைஞராக வைத்திருக்கிறது. கர்நாடக சங்கீதத்திலோ சாகித்யகர்த்தா, ராகம், தாளம், பாடியவர் என்ற நான்கையும் அறியாமல் ஒரு கிருதியின் குறிப்பிட்ட பதிவை நிர்ணயிப்பது எளிதன்று. தியாகராஜரின் பஞ்சரத்தின கிருதிகளுள் ஸ்ரீராகத்தில் அமைந்ததைப் பாடிப் பதிந்தவர் எத்தனையோ பேர். இன்னார் பாடியது வேண்டும் என்று மூதாட்டி ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் கேட்கும்போது, முதலில் அகப்பட்டதை எடுத்துப் பாடிவிடும் பெட்டி அவர் கேட்டதைக் கொடுத்ததாகாது. எம்.எஸ். என்றால் ஒரு வீட்டில் சுப்புலட்சுமி, மற்றொரு வீட்டில் விஸ்வநாதன். அந்த வீட்டறிவு பெட்டிக்கு இல்லை. இக்குறையைச் சேவைகள் நீக்கவேண்டும் என்பதைத் தமிழ்ச் சந்தாதாரர் உரத்துக் கேட்பதற்கு முழு நியாயமும் உண்டு. தற்போதைக்கு நடைமுறையில் பயன்தரும் உபாயம், வேண்டிய பாடல்களைக் கைப்பேசியில் தேடி ஒரு பிளேலிஸ்டாகத் தொகுத்து, அதற்கு யந்திரம் பிழையின்றி உணரத்தக்க எளிய ஆங்கிலப் பெயர் ஒன்றைச் சூட்டி, அப்பெயரால் அழைப்பதே. அகில இந்திய வானொலியும் 2019 முதல் அலெக்ஸாவின் வழியே கிடைப்பது, இதன் நடுவில் மகிழ்தற்குரிய ஒரு செய்தி.

ஆயுள்

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பும் காந்தமும் இருபது ஆண்டு உழைக்கும். உள்ளேயிருக்கும் மென்பொருள் அவ்வளவு காலம் ஆதரிக்கப்படுவதில்லை. ஹார்மன் கார்டன் 2017 அக்டோபரில் வெளியிட்ட இன்வோக் என்னும் ஸ்பீக்கர், மைக்ரோசாப்டின் உதவிச் செயலியாகிய கோர்ட்டானாவை நம்பிப் பிறந்தது. 2021இல் அவ்வாதரவு நீங்கவே, அது வெறும் ப்ளூடூத் ஸ்பீக்கராயிற்று. 2025 மார்ச் மாதத்தில், இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டும் குரோம்காஸ்ட் ஆடியோவும், அவற்றுள் பொதிந்திருந்த பத்தாண்டுக் காலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகெங்கும் ஒரே நாளில் பயனற்றுப்போயின. கூகுள் திருத்தம் அனுப்பியபின் மீண்டும் உயிர் பெற்றன. சோனோஸ் 2024 மே மாதத்தில் தன் செயலியைப் புதுப்பித்தபோது பழைய வசதிகள் பல காணாமற்போய், வாடிக்கையாளரின் கண்டனம் வளர்ந்து, 2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

இச்சம்பவங்களில் இன்வோக்கை வாங்கியவருக்குக் கைகொடுத்தது அதன் ப்ளூடூத் என்பது கவனிக்கத்தக்கது. எவருடைய அனுமதியையும் வேண்டாத அத்தகைய வாயில் எல்லாப் பெட்டியிலும் இல்லை. ஹோம்பாட் ப்ளூடூத் வழியே பாட்டை ஏற்பதில்லை, கம்பி செருகும் துளையும் அதில் கிடையாது. 2020இல் வந்த நான்காம் தலைமுறை எக்கோவில் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு. 2022இல் வந்த ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டில் அது நீக்கப்பட்டது. ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கப் புறப்படும் அன்பர்கள் தாம் சந்தா செலுத்தும் சேவையின் பெயரைச் சொல்லி, அது வாயால் கேட்டால் வருமா, கைப்பேசியிலிருந்து அனுப்பினால்தான் வருமா என்று கடைக்காரரிடம் நேரில் ஓட்டிக்காட்டச் சொல்லவேண்டும். பிறகு பெட்டியைத் திருப்பி, அதன் பின்புறத்தில் கம்பிக்கு ஒரு துளை இருக்கிறதா என்பதையும் தம் கண்ணால் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுக்கவேண்டும்.